சீட்டாடிப் பிழைத்த நான்கு ஆண்டுகள்

போன வாரம் வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கத்து டீக்கடையில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். "அண்ணா, நீங்கள் ஆன்லைனில் போக்கர் ஆடியே குடும்பம் நடத்தினீர்களாமே, எனக்கும் சொல்லிக்கொடுங்கள். தடை எப்படியும் நீங்கிவிடும். நீங்காவிட்டால் கோவா கேசினோக்களுக்குப் போய்விடலாம்" என்றான். டீ ஆறிப்போகும்வரை பேசினேன். பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. மீதியை அவனுக்காகவும் அவனைப் போன்ற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அவன் கேள்விப்பட்டது உண்மைதான். 2021 ஆகஸ்டில், ஆன்லைன் பண ஆட்டங்களுக்கு மாநிலம் போட்டிருந்த பழைய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது வேலையை விட்டேன். சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறை, இரண்டு திரைகள், ஒரு நாற்காலி. 2025 ஆகஸ்ட்வரை அதுதான் என் தொழில்.

போக்கரில் திறமை இருக்கிறது. இதை நான் மறுக்கவே மாட்டேன். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிய கையில். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், கவிழ்த்துவிட்டு விலகலாம். எதிரில் இருப்பவர் எதை வைத்திருக்கக்கூடும், எதை வைத்திருந்தால் இப்படிக் கட்டியிருக்க மாட்டார் என்று பின்னோக்கி யோசித்துக்கொண்டே போக வேண்டும். ஊர் அடங்கிய பிறகு, காட்பாடிப் பக்கம் போகும் ரயிலின் ஒலி மட்டும் எப்போதாவது கேட்கும் நேரத்தில், அந்தக் கணக்கில் மூழ்கியிருப்பது பெரிய இன்பம். கல்லூரியில் எனக்குப் பிடிபடாத நிகழ்தகவு, சீட்டின் மூலம்தான் பிடிபட்டது. 2023 நவம்பரில் அதே உயர் நீதிமன்றம் மாநிலத்தின் புதிய ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலிலிருந்து விலக்கியது. அன்று அறையில் தனியாக உட்கார்ந்து கண்ணீர் விட்டேன். ஊரார் சூதாடி என்று சொல்லும்போது, நீதிமன்றம் என் உழைப்பைத் திறமை என்று சொன்னதாக எனக்குப் பட்டது.

ஆனால் தம்பி, திறமை இருக்கிறது என்பதிலிருந்து அது ஒரு பிழைப்பு என்பதற்குத் தாவிவிடாதே. நான் தாவினேன்.

என் கணக்கு நோட்டிலிருந்தே சொல்கிறேன். கட்டாயப் பந்தயம் 25, 50 ரூபாயாக இருக்கும் மேசைகள். உட்கார 5,000 ரூபாய். ஒரே நேரத்தில் நான்கு மேசை, இரவுக்கு ஆறு மணி நேரம், மாதத்துக்கு 25 இரவுகள் என்றால் ஏறத்தாழ 40,000 கைகள், அதாவது சுற்றுகள், ஆடலாம். நன்றாக ஆடுபவருக்கு 100 கைக்கு 250 ரூபாய் மிஞ்சும். ஆக மாதம் ஒரு லட்சம். கேட்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். அதே 40,000 கைகளில் அதிர்ஷ்டம் மட்டுமே உண்டாக்கும் ஏற்ற இறக்கம், மேலேயோ கீழேயோ, சாதாரணமாகவே 90,000 ரூபாய் அளவுக்கு இருக்கும். அதே ஆள், அதே திறமை, அதே தூக்கமில்லாத கண்கள். ஒரு மாதம் இரண்டு லட்சம் வரும், இன்னொரு மாதம் கையில் இருந்ததும் போகும். ஏழெட்டு மாதத்தில் ஒன்று நட்டத்தில் முடியும் என்பது கணக்கு. அப்படிப்பட்ட மாதங்கள் அடுத்தடுத்து வராது என்று எந்தக் கணக்கும் உறுதி சொல்லாது.

எனக்கு 2024 ஜனவரி முதல் மார்ச்வரை தொடர்ந்து வந்தன. மூன்று மாதத்தில் 1,70,000 ரூபாய் போயிற்று. பணம் போனதைவிட மோசமான ஒன்று அப்போது நடந்தது. நான் நன்றாக ஆடுகிறேனா, கெட்டுப்போய்விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. தச்சர் ஒரு மேசையைச் செய்து முடித்தால், அது ஆடுகிறதா நிற்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிடலாம். எனக்கு அப்படிப் பார்க்க எதுவும் இல்லை. இரண்டு ஏஸ் கையில் வருவது சராசரியாக 221 கைக்கு ஒருமுறை. எதிரே இரண்டு ராஜா இருந்து, இருவரும் முழுப்பணத்தையும் வைத்துவிட்டால், நூற்றில் ஏறத்தாழ 82 முறை ஏஸ்தான் ஜெயிக்கும். அந்த மார்ச்சில் ஒரே வாரத்தில் மூன்று முறை எனக்குத் தோல்விப் பக்கம் விழுந்தது. மூன்றாம் முறை எழுந்துபோய்க் குளிர்ந்த நீரில் தலையை நனைத்துக்கொண்டு வந்து, ஒன்றுமில்லாத சீட்டுக்கு 5,000 ரூபாயை அப்படியே வைத்தேன். ஆட்டக்காரர்கள் இதை 'டில்ட்' என்பார்கள். தோற்ற கோபம் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுவது. திறமை அந்த நேரத்தில் அறையிலேயே இருக்காது.

நல்ல நாட்களையும் மறைக்க மாட்டேன். 2022இல் ஒரு போட்டியில் இரண்டாம் இடம் வந்தேன். அந்தப் பணத்தில்தான் ஒடுகத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் நிலத்துக்கு மோட்டார் வாங்கினோம். அம்மா அன்று இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் குழம்பு வைத்து, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். "பையன் கம்ப்யூட்டர் வேலை" என்று மட்டும் அவர்களிடம் சொன்னார்.

அப்பாவிடம் நான் ஒளிக்கவில்லை. அவர் மானாவாரியில் மல்லாட்டை போடுபவர். ஆடியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர். அதனால் அவருக்கு எளிதில் புரியும் என்று நினைத்து, "அப்பா, உங்கள் விவசாயம் மாதிரிதான் இதுவும். ஒரு வருஷம் காய்க்கும், ஒரு வருஷம் காயும். பத்து வருஷம் சேர்த்துப் பார்த்தால் லாபம்" என்றேன். எனக்கு அது அசைக்க முடியாத வாதமாகத் தோன்றியது. அவர் செத்தையைக் கூட்டிக்கொண்டே கேட்டார்: "மழை பொய்த்தால் எனக்கும் பொய்க்கும், பக்கத்துக் கொல்லைக்காரனுக்கும் பொய்க்கும். பெய்தால் இரண்டு பேருக்கும் பெய்யும். உனக்குப் பெய்கிற மழை யாருடைய கொல்லையிலிருந்து வருகிறது?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை மூன்று ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தேன்.

விளம்பரங்களில் 'திறமை விளையாட்டு' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களே, அவர்கள் விழுங்கிய பாதி இதுதான். போக்கர் மேசையில் பணம் விளைவதில்லை, கைமாறுகிறது. கைமாறும்போது நடுவில் குவிந்த பணத்திலிருந்து தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நான் ஆடிய மேசைகளில் அது 5 சதவீதம், ஓர் உச்சவரம்போடு. எல்லோரும் சம திறமை கொண்டவர்கள் என்றால், அந்தக் கழிவினாலேயே எல்லோரும் தோற்பார்கள். ஆகவே நான் பிழைக்க வேண்டுமானால், என்னைவிட மோசமாக ஆடும் ஆட்கள் நாள்தோறும் வந்து உட்கார வேண்டும். என் திறமையில் பெரும்பகுதி அவர்களைக் கண்டுபிடிப்பதில் செலவாயிற்று. எந்த நாளில் வருவார்கள் என்றும் தெரிந்துவைத்திருந்தேன். மாதத்தின் முதல் வாரம், குறிப்பாக 7ஆம் தேதியை ஒட்டிய இரவுகள். சம்பளம் விழும் நாட்கள். அந்த இரவுகளில் நான் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை.

2023 ஏப்ரலிலிருந்து நிகர வெற்றியில் 30 சதவீதம் வரியாகப் பிடிக்கப்பட்டது. ஒரு நிதியாண்டின் நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த அக்டோபரிலிருந்து போடும் பணத்துக்கே 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 1,000 ரூபாய் போட்டால் அதில் ஏறத்தாழ 219 ரூபாய் வரி. பல தளங்கள் அதைப் போனஸாகத் திருப்பிக் கொடுத்துச் சமாளித்தன. 2025இல் தமிழ்நாட்டில் நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடக்கூடாது என்ற விதி வந்தது. என் வேலை நேரமே அதுதான். அப்போதெல்லாம் மிகவும் கசந்து பேசினேன். வரி வந்ததால் தொழில் கெட்டது என்று இன்றும் சொல்லும் பழைய நண்பர்கள் இருக்கிறார்கள். வரிக்கு முன்பே அது யாருடைய பணம் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்குக் கேட்கும் நிலை வந்தது 2025 மே மாதம், குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவில். கூட்டத்தில் அத்தை மகனைப் பார்த்தேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேற்பார்வை வேலை. மெலிந்திருந்தான். ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய், "மச்சான், உனக்குத்தான் இது புரியும். இரண்டரை லட்சம் போய்விட்டது, வீட்டில் தெரியாது" என்று போனைத் திறந்து காட்டினான். நான் ஆடிய அதே தளம். திரையில் அவனுடைய புனைபெயர் இருந்தது. எனக்கு அந்தப் பெயர் தெரியும்.

அன்றிரவு அறைக்கு வந்து என் கணினியில் தேடினேன். ஆடிய ஒவ்வொரு கையையும் சேமித்துவைக்கும் மென்பொருள் வைத்திருந்தேன். இருவரும் ஒரே மேசையில் ஆடிய கைகள் 1,412. அவனிடமிருந்து எனக்கு வந்தது 38,400 ரூபாய். பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறம் தீட்டியிருந்தேன். மோசமாக ஆடுபவர்களுக்கு நான் வைத்த நிறம் அது. கீழே என் கையால் எழுதிய குறிப்பு: 'முதல் வாரத்தில் வருவார். எதற்கும் விலக மாட்டார், இவரை மிரட்ட முயல வேண்டாம். நல்ல சீட்டு வந்தால் முழுவதும் கட்டு. இவர் பெரிதாகக் கட்டினால் உண்மையிலேயே சீட்டு இருக்கும்.' இதைத்தான் நான் திறமை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றோடு நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிறுத்தவில்லை. வாடகை இருந்தது, பழக்கம் இருந்தது. ஆகஸ்ட் 22ஆம் தேதி, ஆன்லைன் பண ஆட்டத்தைத் தடைசெய்யும் மத்திய அரசின் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்து, தளங்கள் பண ஆட்டத்தை மூடியபோதுதான் நின்றது. எதிர்த்துப் போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. முடிவு எதுவானாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மூடியது சரி. நண்பர்கள் சிலர் கோபப்படுவார்கள், படட்டும்.

அந்தத் தம்பி ஒரு பெயரைச் சொன்னான். கிறிஸ் மணிமேக்கர். அமெரிக்காவில் கணக்கராக இருந்தவர், ஆன்லைனில் சிறு தொகை கட்டித் தகுதிபெற்று, 2003 போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 838 பேரை முந்தி 25 லட்சம் டாலர் வென்றார். என் அறைச் சுவரிலும் அவர் படம் இருந்தது. நான் இன்னொருவரைப் பற்றிச் சொன்னேன், ஸ்டூ அங்கர். ரம்மி வகை ஆட்டமொன்றில் அவரை எதிர்த்து உட்காரவே ஆட்கள் அஞ்சினார்கள். போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 என மூன்று முறை வென்றார். கடைசி வெற்றிக்கு அடுத்த ஆண்டு லாஸ் வேகாஸில் ஒரு மலிவு விடுதி அறையில் இறந்துகிடந்தார். வயது 45. கையில் இருந்தது ஏறத்தாழ 800 டாலர். அவருக்குத் திறமை போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? தம்பிக்கு அவர் பெயரே தெரிந்திருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போனேன். 38,400 ரூபாயை ஒரு உறையில் வைத்துக்கொண்டு போனேன். அத்தை மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை நிறத்தையும் குறிப்பையும்கூட. இதை எழுத அவனிடம் அனுமதி கேட்டுவிட்டேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றான். உறையை வாங்கிக்கொள்ளவில்லை. அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்தேன், எதற்கென்று சொல்லாமல்.

அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "அத்தனை கைகளில் நான் உருப்படியாக ஆடியது ஒன்றாவது இருந்ததா மச்சான்?"

இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேசையில் மூன்று ஆர்ட்டின். என்னிடம் ஏஸ், ராஜா இரண்டு ஜோடி. அவன் கையில் இன்னும் இரண்டு ஆர்ட்டின் இருந்தால் நான் தோற்றேன். கடைசிச் சீட்டு விழுந்ததும் அவன் மீதமிருந்த 4,200 ரூபாயையும் தள்ளினான். என் குறிப்பை நம்பி, கொடுத்த நேரம் முழுவதும் யோசித்து, நான் சீட்டைக் கவிழ்த்தேன்.

"அந்தக் கையா?" என்றான். "என்னிடம் ஒன்றுமே இல்லை மச்சான்."