தனுஷ்கோடி நிலையத்தை ஒரே ராத்திரிக் கதையாக்காதீர்கள்

தனுஷ்கோடி ரயில் நிலையம் என்றதும் எல்லாரும் 1964 டிசம்பர் 22 ராத்திரிக்குப் போய்விடுகிறோம். பாம்பனில் கிளம்பிய 653ம் எண் பாசஞ்சர் ரயில், ஊர் எட்டும் தூரத்தில் இருந்தபோது புயலில் கடலோடு போனது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். மறக்கக் கூடாத ராத்திரிதான். ஆனால் அதற்கு முன் ஐம்பது வருஷம் அந்த நிலையம் என்ன வேலை செய்தது என்பதை யாருமே சொல்வதில்லையே, அது பெரிய அநியாயம்.

1914ல் பாம்பன் பாலம் திறந்தபோது பிரதானப் பாதை போனது தனுஷ்கோடிக்கு. ராமேஸ்வரம், பாம்பனில் பிரிகிற கிளை. எழும்பூரில் டிக்கெட் வாங்கினால் அதே டிக்கெட்டில் கொழும்பு. போட் மெயில் என்ற மீட்டர் கேஜ் ரயில் கப்பல்துறை வரை வரும். இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்களில் ஏறிச் சுமார் 35 கிலோமீட்டர் கடந்தால் தலைமன்னார், அங்கிருந்து சிலோன் ரயில். சுங்கம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம் எல்லாம் இந்தப் போக்குவரத்தை நம்பி நின்றவை.

அந்தப் புயலில் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் (இரும்பு உத்தரங்கள்) போயும், ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் நிமிர்த்தினார்கள். அப்படியிருக்க தனுஷ்கோடிப் பாதையை ஏன் விட்டார்கள்? ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை, நடுவில் வெறும் மணல். ஊரே போயிற்று, கப்பல்துறையும் போயிற்று. இலங்கைக் கப்பல் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. கப்பல் வராத துறைக்கு ரயில் எதற்கு?

2017ல் தீவின் கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் கூட்டம் குவிகிறது. மிச்சமிருக்கும் சுவர்கள் மேல் ஏறிப் படம் எடுக்கிறார்கள், பேர் கிறுக்குகிறார்கள். அந்த ஊர்ச் சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பவளப்பாறைக் கல், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். நடுவில் சுண்ணாம்புக் காரை. உப்புக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் விட்டுவிடும் சுவர் அது. "பாதுகாக்கிறோம்" என்று சிமெண்ட் பூசினால் கெட்டது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே உப்புப் பூத்து, பூச்சு தகடாகப் பெயரும்போது கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். முட்டுக்குக் கம்பி வைத்தாலும் அப்படித்தான்: துருப்பிடித்து உப்பிச் சுவரைப் பிளக்கும்.

முதலில் ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அளந்து வரைய வேண்டும். பிறகு பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் உப்பு மறுபடி உள்ளே போகும். கல் இணைப்புகளில் பூசும் காரைக்கு ஒரு பங்கு ஊறவைத்த சுண்ணாம்பு, மூன்று பங்கு ஆற்றுமணல், நல்ல தண்ணீர். பக்கத்தில் கிடக்கிறதே என்று கடல்மணலை அள்ளிப் போடவே கூடாது. அந்தக் காற்றில் காரை சட்டென்று உலர்ந்து தூளாகிவிடும், ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். சுவரின் தலையை முதலில் மூடுங்கள், மழை இறங்குவது அங்கேதான்.

கூடவே ஒரு பலகை வேண்டும். புயலின் தேதி மட்டும் போதாது. பாம்பனிலிருந்து பாதை எந்தப் பக்கமாக வந்தது, கப்பல் எங்கே நின்றது, தலைமன்னார் எந்தத் திசை என்று கோடு போட்டுக் காட்டுகிற பலகை.