லாக்ரோஸ் உள்ளரங்குக்குப் போனது பனியால் அல்ல

கனடாவில் பனி அதிகம், அதனால்தான் அங்கே லாக்ரோஸை (வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) உள்ளரங்கில் ஆடுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் பகிர்ந்தும் விட்டார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணம் அதுவல்ல, சொல்லப்போனால் நேர் எதிர்.

1930களின் தொடக்கத்தில், கோடையில் சும்மா கிடந்த ஐஸ் ஹாக்கி அரங்குகளுக்குக் கூட்டம் சேர்க்கத்தான் 'பாக்ஸ்' எனப்படும் இந்த உள்ளரங்கு வடிவம் வளர்ந்தது. ஐஸ் போனபின் தெரியும் தரையில், ஹாக்கியைப் போலவே கோலியோடு (கோல் காப்பவர்) சேர்த்து அணிக்கு ஆறு பேர். திறந்தவெளி ஆண்கள் ஆட்டத்தில் பத்துப் பேர், கோல் சட்டம் ஆறடிக்கு ஆறடி. பாக்ஸில் அது நாலடி சொச்சம்தான், அதையும் தடித்த கவசத்தோடு கோலி அடைத்துக்கொண்டு நிற்பார். கனடா வீரர்கள் நெருக்கடியில் பந்தைப் பிடித்து, ஏமாற்றிக் கோலை நோக்கி அடிப்பதில் கெட்டிக்காரர்களாக இருப்பது இந்த இடுக்கில் பழகித்தான்.

சரிபார்ப்பது எளிது. கனடா நீதித்துறையின் இணையதளத்தில் 1994ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இரண்டே வரிதான்: குளிர்காலத்துக்கு ஐஸ் ஹாக்கி, கோடைக்கு லாக்ரோஸ். அப்புறம், பாக்ஸ் ஆட்டத்தில் கனடாவின் சாம்பியனைத் தீர்மானிக்கும் மான் கோப்பை (Mann Cup) எந்த மாதத்தில் நடக்கிறது என்றும் தேடுங்கள், வழக்கமாக செப்டம்பர். (ஆனால் தொழில்முறை பாக்ஸ் லீக்கான என்.எல்.எல். குளிர்காலத்தில் ஆடுகிறது. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.)