பின்னால் இருக்கும் நாற்காலிக்குப் பாடம் நடத்தாதே

நேற்று மாலை அண்ணன் மகள் வந்திருந்தாள். கக்கத்தில் ஏழு சார்ட்டுகள், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டவை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய வண்ணத்தாள், ஜிகினா, பசை, ஸ்கெட்ச் பேனா எல்லாமாகச் சேர்ந்து எண்ணூறு ரூபாயை விழுங்கிவிட்டதாம். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். திங்கட்கிழமை முதல் வடசென்னையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி, ஒன்றாம் வகுப்பு. "அத்தை, மல்லிகைப் பூவுக்குப் பஞ்சு ஒட்டட்டுமா, தெர்மாகோல் ஒட்டட்டுமா?" என்று கேட்டாள்.

வகுப்பில் எத்தனை குழந்தைகள் என்று நான் கேட்டேன். தெரியவில்லை. தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம்? தெரியவில்லை. வீட்டில் தமிழ் பேசாத குழந்தை யாராவது உண்டா? அதுவும் தெரியவில்லை. ஆனால் பார்வையிட வரும் விரிவுரையாளர் எந்த நாளில் வருவார், எதற்கெல்லாம் மதிப்பெண்ணைக் குறைப்பார் என்பது மட்டும் மனப்பாடமாக இருந்தது.

அவளைக் குறை சொல்லவில்லை. 1988இல் நானும் அப்படித்தான் போனேன். வகுப்பின் கடைசியில் ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் மதிப்பீட்டுத் தாளோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாமும் நாற்பது குழந்தைகளின் தலைக்கு மேலாக அந்த நாற்காலியைப் பார்த்தே பாடம் நடத்துவோம். குழந்தைக்கு இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த அக்கா நம்மோடு பேசவில்லை என்று புரிந்ததும் அது தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். முதல் வாரம் வகுப்பு கைமீறிப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது 34 ஆண்டுகள் சின்ன வகுப்புகளிலேயே காலம் தள்ளியவளின் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், சண்டை போடலாம்.

என் முதல் வகுப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பாடம், ஒன்று முதல் பத்து வரை. துணைக்கருவி புளியங்கொட்டை. கழுவி, காயவைத்து, ஆளுக்குப் பத்தாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டு போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு என்ன செய்யவேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். யார் கேட்பார்கள்? கையில் கொட்டை வந்துவிட்டதே! பாதி தரையில் உருண்டது, கொஞ்சம் பக்கத்துப் பையனின் சட்டைப்பைக்குப் போனது, ஒன்று ஒரு சிறுவனின் மூக்குக்குள் போய்விட்டது. நான் கொண்டை ஊசியை எடுத்தேன். நல்லவேளை, தலைமை ஆசிரியை என் கையைத் தட்டிவிட்டார். எடுக்கப் போனால் இன்னும் உள்ளேதான் போகும் என்று சொல்லி, குழந்தையை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே ஒரு நிமிட வேலை. அன்று என் பாடக்குறிப்பில் 'ஊக்கமூட்டல்' பகுதி (பாடத்தின் மேல் ஆர்வத்தைக் கிளப்பும் தொடக்கம்) மிகச் சிறப்பு என்று மதிப்பிட வந்தவர் எழுதியிருந்தார்.

ஆகவே அண்ணன் மகளிடம் சொன்னேன்: முதலில் சொல், பிறகு கொடு. கையில் பொருள் போய்விட்டால் காது மூடிவிடும். எண்ணுவதற்குத் தண்ணீர் பாட்டில் மூடி போதும். பெரிதாக இருக்கும், கழுவலாம், காசு கிடையாது, எந்த மூக்கிலும் நுழையாது.

சொல்வதையும் ஒவ்வொன்றாகச் சொல். "நோட்டை எடுத்து, தேதி போட்டு, கோடு கிழித்து, படம் வரைந்து, பெயர் எழுதுங்கள்" என்றால் ஐந்து வயதுக் குழந்தை முதல் சொல்லையோ கடைசிச் சொல்லையோ பிடித்துக்கொள்ளும், நடுவில் உள்ளதெல்லாம் காற்றோடு போகும். நோட்டை எடுக்கச் சொல். எல்லார் கையிலும் நோட்டு வந்ததா என்று பார். பிறகு அடுத்தது. "ஓடாதே" என்றால் அதன் காதில் 'ஓடு' மட்டும்தான் விழும், "நடந்து வா" என்று சொல்லிப் பார்.

குரலைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் புதன்கிழமைக்குள் தொண்டை கட்டிவிடுகிறது. வகுப்பு இரைச்சலாக இருக்கிறது என்று நாம் குரலை உயர்த்துவோம், அதற்கு மேல் அவர்கள் உயர்த்துவார்கள். குழந்தைகளோடு இந்தப் போட்டியில் ஜெயித்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை. கத்துவதற்குப் பதில் ஒரு தாளத்தைத் தட்டு. மூன்று தட்டு நீ, இரண்டு தட்டு அவர்கள். இதை வகுப்பு அமைதியாக இருக்கும்போதே பழக்கிவிடவேண்டும். இரைச்சல் வந்த பிறகு பழக்கலாம் என்று இருந்தால் அதற்கும் கத்தவேண்டியிருக்கும். தட்டி முடித்ததும் பேச்சைத் தாழ்த்து. என்னவோ ரகசியம் சொல்கிறாள் என்று முன்வரிசை கழுத்தை நீட்டும், அதைப் பார்த்துப் பின்வரிசையும் நீட்டும். சின்ன விஷயம் இன்னொன்று: புதுச் சாக்பீஸ் முழு நீளத்தில் எழுதினால் கிறீச்சிடும், வகுப்பே காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இரண்டாக உடைத்துவிட்டு எழுது.

தமிழ் எழுத்தைக் கற்பிக்கப் போகிறவர்கள், ஒரு தடவையாவது இடது கையால் எழுதிப் பாருங்கள் என்பேன் (இடது கைப்பழக்கம் உள்ளவர்கள் வலது கையால்). ஐந்து வயதில் 'அ' எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போதுதான் தெரியும். சுழித்து, வளைத்து, குறுக்கே இழுத்து, கீழே இறக்கவேண்டும். 'ட'வும் 'ப'வும் நேர்கோடுகள். அவற்றோடு 'ம'வும் புள்ளியும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம் என்று சொற்களே கைக்கு வந்துவிடும். அகர வரிசை மனப்பாடமாகச் சொல்வதற்கு அழகானது, கைக்கு வேறு வரிசை வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கொம்பில் இருக்கிறது. 'கெ' என்று நீ சொல்லும்போது குழந்தைக்கு முதலில் கேட்பது ககர ஒலி, எழுதும்போது முதலில் வருவது ஒற்றைக்கொம்பு. 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் மறுபக்கம். காதில் விழுகிற வரிசை ஒன்று, கை எழுதுகிற வரிசை வேறொன்று. கொம்பைப் பின்னால் போடும் குழந்தை கவனமில்லாத குழந்தை இல்லை, காதால் கேட்டதை நேர்மையாக எழுதுகிற குழந்தை. சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள். என் காலத்தில் இன்னும் வேடிக்கை. 'னை'க்கு யானைத் துதிக்கை போல ஒரு வடிவம் இருந்தது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. அப்போது படித்துக்கொண்டிருந்த நாங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தடுமாறினோம். எழுதிப் பழகியவர்களுக்கே கை இப்படித் தடுமாறும்.

கணக்கிலும் இப்படிப் பொறி உண்டு. 'நூற்று மூன்று' எழுதச் சொன்னால் 1003 என்று எழுதுவார்கள், நூறையும் எழுதி மூன்றையும் எழுதியாயிற்று அல்லவா! 'தொண்ணூறு' என்ற சொல்லுக்குள் நூறு ஒளிந்திருப்பதால் எண்பத்தொன்பதுக்குப் பிறகு நேராக 100க்குத் தாவுகிற குழந்தைகளும் உண்டு. தவற்றைப் பார்த்தால், "எப்படி எழுதினாய், சொல் பார்ப்போம்" என்று கேள். பெரும்பாலும் உனக்குத்தான் பாடம் கிடைக்கும்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் (குழந்தைகள் அட்டைகளை எடுத்து, ஏணிப்படி போல ஒவ்வொரு படியாகத் தாங்களே செய்து கற்கும் முறை) வந்தபோது எங்களில் பலர் முணுமுணுத்தோம். மேசையை விட்டுவிட்டுத் தரையில் பாயில் உட்காரச் சொல்கிறார்களே என்று. அட்டைகளையும் கற்றல் ஏணியையும் பற்றி எனக்கு இன்றைக்கும் சில புகார்கள் உண்டு. ஆனால் தரையில் உட்கார்ந்த அந்த முதல் வாரத்தில்தான் குழந்தைகளின் முகத்தை நேர்மட்டத்தில் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பல வகுப்பறைகளில் சுவரின் அடிப்பக்கம் கீழ்மட்டக் கரும்பலகை இன்னும் இருக்கும். அது குழந்தையின் இடம், நீ அதில் அழகாக எழுதி வைத்துவிடாதே. உன் சார்ட்டையும் ஆணி அடிக்கிற உயரத்தில் மாட்டாதே. மூன்றரை அடி உயரமுள்ள குழந்தைக்கு உன் மல்லிகைப் பூ தெரியவேண்டுமா, வேண்டாமா?

இப்போது 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்பில் மூன்று நிலைக் குழந்தைகள் இருப்பதை அது ஒளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. நல்லதுதான். ஆனால் நிலையின் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிடும் வழக்கம் சில இடங்களில் வந்துவிடுகிறது. "டேய் அரும்பு, இங்கே வா!" முன்பு 'மக்கு' என்று சொன்னதற்கும் இதற்கும் சொல்லில்தான் வித்தியாசம். பெயரைச் சொல்லிக் கூப்பிடு. முதல் இரண்டு நாளில் எல்லாப் பெயரையும் கற்றுக்கொள், பதிவேட்டுப் பெயரையும், வீட்டில் அழைக்கும் பெயரையும்.

முதல் இரண்டு நாள் வகுப்பாசிரியர் பாடம் நடத்துவார், நீ ஓரமாக உட்கார்ந்திருப்பாய். அப்போது பாடக்குறிப்பு எழுதாதே. ஒரு சின்ன நோட்டில் பார்த்ததை எழுது. யார் காலை உணவுக்கு வராமல் நேராக வகுப்புக்கு வருகிறான், யார் தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள், யார் கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, இரண்டாம் உலகப் போரில் இத்தாலியும் இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். குழந்தையைக் கவனித்துப் பார்க்கப் பழகுவதை அவர் ஆசிரியரின் அடிப்படை வேலையாக வைத்தார். இந்த ஊரிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பாடத்தை விட்டுவிட்டு நாம் தெர்மாகோல் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

கவனித்தால் வேறு விஷயங்களும் தெரியவரும். காசிமேட்டுப் பக்கத்துக் குழந்தையின் அம்மா விடிவதற்கு முன்பே மீன் ஏலத்துக்குப் போயிருப்பார். தலை வாராமல் வந்திருக்கிறாளே என்று எல்லார் முன்பும் கேட்காதே. உன் பையில் ஒரு சீப்பு இருக்கட்டும், இடைவேளையில் வாரிவிடு. வேலைக்காகப் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த குடும்பத்துக் குழந்தை மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருக்கலாம். திறக்காவிட்டாலும் காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்தாதே, சாக்பீஸ் எடுத்துத் தரச் சொல். எடுத்துத் தந்தால் மொழி உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

"டீச்சர், ஒன்றுக்கு" என்று ஒரு குழந்தை எழுந்தால் அடுத்த நிமிடம் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். முதல் குழந்தையை உடனே அனுப்பிவிடு. மற்றவர்களை ஒருவர் திரும்பி வந்ததும் ஒருவராக அனுப்பு. அடக்கச் சொல்லி உட்காரவைத்தால் நனைந்த பாவாடையோடு ஒரு குழந்தை ஒரு வருடம் வெட்கப்படும். அந்தப் பாவத்தை நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

கம்பு. இதைச் சொல்லாமல் முடியாது. "இதைக் கையில் வைத்துக்கொள்ளம்மா, அடிக்கவேண்டாம், சும்மா மேசையைத் தட்டினால் போதும்" என்று யாராவது ஒரு அடிக்கோலை நீட்டுவார்கள், அன்பாகத்தான் நீட்டுவார்கள். "வேண்டாம் டீச்சர், எனக்குப் பழக்கமில்லை" என்று சொல்லிவிடு. வாதம் செய்யாதே, நீ அங்கே விருந்தாளி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. சட்டம் கிடக்கட்டும், மேசையைத் தட்டும் கம்பு முதுகுக்கு வர ஒரு வாரம் போதும் என்பதை நான் என் கையிலேயே பார்த்தேன்.

மாலையில் மணி அடித்ததும் உன் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதே. குழந்தை யாரோடு போகிறது என்பதை வகுப்பாசிரியர் பார்த்து அனுப்பும்வரை வாசலில் நில். "நான் மாமாதான்" என்று யார் வந்து கேட்டாலும் நீயாக அனுப்பிவிடாதே. குழந்தை ஏதாவது பயமான விஷயத்தை உன்னிடம் மட்டும் சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதே. அன்றே வகுப்பாசிரியரிடமோ தலைமை ஆசிரியரிடமோ சொல். குழந்தைகள் உதவி எண் 1098, கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்.

பயிற்சி நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை, கேட்பார்களா தெரியாது. சார்ட்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை எடுத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதிய அந்தச் சின்ன நோட்டுக்குக் கொடுங்கள். விடுதிச் செலவுக்கே திண்டாடும் பிள்ளைகள் ஜிகினாவுக்குக் கடன் வாங்குவதை ஆண்டுதோறும் பார்த்து அலுத்துவிட்டது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அத்தை, இதையெல்லாம் பாடக்குறிப்பில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?" என்றாள் அவள். சமையலறை டப்பாவில் சேர்த்து வைத்திருந்த பாட்டில் மூடிகளை ஒரு துணிப்பையில் கொட்டிக் கொடுத்தேன். நூற்றுக்கு மேல் இருக்கும். ஏழு சார்ட்டில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். மீதி நான்கு என் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன. மல்லிகைக்குப் பஞ்சுதான் ஒட்டியிருக்கிறாள்.