நோயாளியின் விருப்பம் எப்போது நிர்வாகத்தின் ஆணையாகிறது?

அமெரிக்க மருத்துவத் துறையில் கறுப்பினப் பெண்கள் எதிர்கொள்ளும் பாகுபாட்டைப் பேசுவோர், நோயாளிகளின் வெறுப்பையே முதலில் குறிப்பிடுகிறார்கள். அந்த வெறுப்பைத் தாளில் எழுதி ஊழியர் கையில் கொடுக்கும் நிர்வாகத்தைத்தான் நான் முதலில் குற்றம் சொல்வேன்.

இண்டியானா மாநிலத்தின் பிளெய்ன்ஃபீல்டில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கிருந்த வெள்ளையின மூதாட்டி ஒருவர், கறுப்பின உதவியாளர்கள் தமக்குப் பணிவிடை செய்யக்கூடாது என்றார். நிர்வாகமும் அன்றாடப் பணி ஒதுக்கீட்டுத் தாளிலேயே அதை எழுதிக் கொடுத்தது. ஒருமுறை அவர் எழுந்திருக்க வலுவின்றித் தரையில் கிடந்ததைக் கண்ட கறுப்பின உதவியாளர், தாமே தூக்கிவிட மனமிருந்தும், வெள்ளையின உதவியாளர் ஒருவரைத் தேடிக் கட்டடமெங்கும் அலைய வேண்டியிருந்தது. (அந்த விதி மூதாட்டிக்குத்தான் என்ன நன்மை செய்தது?) சக ஊழியர்கள் சிலரும் அந்த உதவியாளரை இழிசொல்லால் அழைத்தார்கள். மூன்றே மாதங்களில், முதியவர் ஒருவரிடம் தகாத சொல் பேசினார் என்று கூறி அவரைப் பணிநீக்கம் செய்தார்கள்.

அவர் தொடுத்த வழக்கில், பராமரிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கு வசிப்போருக்கு உண்டு என்று நிர்வாகம் வாதிட்டது; கீழமை நீதிமன்றமும் அதன் பக்கமே நின்றது. 2010இல் இண்டியானாவும் அடங்கிய ஏழாவது வட்டத்தின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உடலைத் தொட்டுச் செய்யும் பணியில் ஆணா பெண்ணா என்று பார்க்க அந்தரங்கம் காரணமாகலாம், இனத்தைப் பார்க்க அது காரணமாகாது, இந்த நடைமுறை 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்பதே தீர்ப்பின் சாரம்.

இவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பிறகும், 2012இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரிலுள்ள ஹர்லி மருத்துவமனையில், பச்சிளங்குழந்தை ஒன்றின் தந்தை கேட்டுக்கொண்டதற்காக, கறுப்பினச் செவிலியர் எவரும் இக்குழந்தையைக் கவனிக்கக் கூடாது என்ற குறிப்பு வைக்கப்பட்டது. அங்கு 1988 முதல் பணியாற்றிவந்த செவிலியர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2013இல் அது சமரசத்தில் முடிந்தது.

அமெரிக்கச் செவிலியர் உதவியாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். குறைந்த கூலியில், படுக்கையருகே நெடுநேரம் நிற்பவர்களும் அவர்களே. அத்தகையவர் வழக்காடித்தான் நியாயம் பெற வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனைக்கும் நிர்வாகம் செய்யக்கூடியதை 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பே சொல்லியிருக்கிறது: ஊழியர் எந்த இனத்தவராயினும் பாகுபாடின்றிப் பணியமர்த்துவோம் என்று, இல்லத்தில் வசிக்க வருவோரிடம் அவர்கள் சேரும்போதே அறிவித்து, எழுத்தில் ஒப்புதல் பெறலாம். அதற்கு ஒரு படிவம் போதும்.