சொதிக்குச் சோஸாம்!

யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இப்போது சொதி என்று ஊற்றுகிறார்களே, அதை என்னவென்று சொல்வது? வெறும் மஞ்சள் தண்ணீர். நாலு வெங்காயச் சீவல் மிதக்கும். கறிவேப்பிலை கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். நேற்றிரவு இடியப்பத்தோடு வந்ததைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணை, தக்காளி எங்க?"

"இப்ப ஆர் தம்பி அதெல்லாம் போடுறது? வேணுமெண்டால் சோஸ் கிடக்கு, ஊத்துங்கோ."

தக்காளி ஆனை விலை குதிரை விலை விற்கிற மாதமென்றால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருப்பேன். இது காய்ப்புக் காலமப்பா! வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து விளைவித்ததை இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்கள் தோட்டக்காரர். அதிலும் கழிவு என்று கிலோக்கணக்கில் வெட்டு வேறு. விலைப்படாத பழம் மாட்டுக்குப் போகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடைக்காரருக்கு மட்டும் கட்டுப்படியாகாதாம்.

அந்தச் சோஸ் போத்தலைத் திருப்பி லேபிளைப் படித்திருக்கிறீர்களா? 100 கிராம் பழத்தில் சீனி 3 கிராமுக்கும் குறைவு. வழக்கமான சோஸில் அது 20 கிராமைத் தாண்டும், உப்பு வேறு. இதைத்தான் ரோல்ஸுக்கும் கொத்துக்கும் பிள்ளைகள் குளிப்பாட்டுகிறார்கள்.

எங்கள் ஆச்சிமார் லைக்கோபீனைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் செய்தது சரி. பழத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற அந்தப் பொருள் கொழுப்பில்தான் கரையும். வேகவைத்துக் கொழுப்போடு சாப்பிட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். தக்காளியை அவியவிட்டுத் தேங்காயின் முதற்பால் விட்டு இறக்கினால் அந்த வேலை முடிந்தது. விற்றமின் சி சூட்டில் குறையும், அது உண்மை. அதற்குத்தான் வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டு, தேசிக்காய் பிழிந்து பச்சையாக ஒரு சம்பல்.

அந்தச் சம்பலையும் விட்டுவைக்கிறார்களா? விதையையும் சாற்றையும் பிழிந்து கொட்டிவிட்டு வெறும் சதையை வெட்டிப் போடுகிறார்கள். நாக்குக்கு ருசி தருகிற குளுட்டமேட் சதையைவிட அந்த விதைச் சாற்றில்தான் கூட இருக்கிறது! அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ருசி காணாதென்று பக்கெட்டில் அடைத்த தூளை வாங்கித் தூவுகிறார்கள்.

ஒரு சட்டிச் சொதிக்குக் கால் கிலோ பழம் தாராளம். வெட்டிப் போட எவ்வளவு நேரம் பிடிக்கும்? இடியப்பத்தின் விலையை அழித்து அழித்து எழுத மட்டும் நேரம் கிடைக்கிறதே!