கையுறைக்கு முன்னால் நல்ல தண்ணீர்

ஓட்டல் ஊழியர்கள் எல்லாரும் கையுறை போட்டாகணும் என்று எழுதியிருக்கிறீர்கள். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் 11 வருஷமாக மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கையுறை மட்டும் போதாதுங்க.

போன வாரம் பக்கத்து ஊர் கடையில் பார்த்தேன். ஒரு பையன் உறை போட்ட கையால் விளமீனுக்கு மசாலா தடவினான், அதே கையால் சில்லறை கொடுத்தான், அப்படியே புரோட்டாவையும் பிய்த்து இலையில் வைத்தான். பச்சை மீனைத் தொட்ட உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டு 20 வினாடியாவது நகக்கண், விரலிடுக்கு எல்லாம் தேய்த்துக் கழுவிய பிறகுதான் புது உறை போடணும். சானிடைசர் இதற்கு ஈடாகாது. வாந்திபேதி தரும் நோரோ வைரஸ் அதற்குச் சரியாகச் சாகாது.

எங்கள் கரையில் போர்வெல் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீரோ காசு கொடுத்து வாங்குவது. கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கை கழுவத் தயங்குவது அதனால்தான். குழாய் வைத்த டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். இப்போது யாரும் சொல்லாமலே கழுவுகிறார்கள். அவர்களில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால், அது நின்று 2 நாள் ஆகும்வரை சம்பளத்தோடு லீவு. சம்பளத்தைப் பிடித்தால் மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார்கள்.