யுலிசீஸ் கிராண்ட்: போரில் வென்றவர் அமைதியில் எங்கே நின்றுவிட்டார்?

அமெரிக்காவின் 18-ஆவது அதிபர் யுலிசீஸ் கிராண்ட்டை ஐம்பது டாலர் நோட்டில் இருக்கும் தாடிக்காரராகத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள், அவர் குடிகாரர் என்றும், வீரர்களை அள்ளிப் பலிகொடுத்துப் போரை வென்றவர் என்றும், ஊழல்வாதிகள் சூழ்ந்த திறமையற்ற அதிபர் என்றும் சொல்வார்கள். இவற்றில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அவருடைய எட்டாண்டு ஆட்சியின் மையம் இவற்றில் எதிலும் இல்லை என்பது என் கருத்து. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்களின் உயிரையும் வாக்குரிமையையும் காக்க அரசின் முழு பலத்தையும் அவர் ஒருமுறை இறக்கினார். பிறகு அதைத் தொடராமல் விட்டார். கிராண்ட்டைப் பாராட்டுவதும் கண்டிப்பதும் இந்த இரண்டையும் வைத்தே நடக்க வேண்டும்.

1822-இல் ஓஹியோ மாநிலத்தின் பாயின்ட் பிளெசன்ட் என்ற சிற்றூரில், தோல் பதனிடும் தொழில் செய்தவரின் மகனாக அவர் பிறந்தார். அந்தத் தொழிலின் இரத்தமும் நாற்றமும் சிறுவயதிலேயே அவருக்கு அருவருப்பைத் தந்துவிட்டன. பிற்காலத்தில் இறைச்சியைக் கருகும் அளவுக்கு வேகவைத்தால்தான் உண்பார், வேட்டையாடவும் விரும்பியதில்லை. தந்தையின் வற்புறுத்தலால் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரிக்குச் சென்று, 1843-இல் 39 பேரில் 21-ஆவது இடம் பெற்றுத் தேறினார். குதிரையேற்றத்தைத் தவிர வேறெதிலும் அவர் பெயர் அங்கே பேசப்படவில்லை. மெக்சிகோப் போரில் துணிவோடு சண்டையிட்டார். ஆனால் வலிமையான நாடு ஒன்று எளிய நாட்டின் மீது தொடுத்த அநியாயமான போர் அது என்று பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார்.

1854-இல், மனைவியையும் குழந்தைகளையும் பிரிந்து கலிபோர்னியாவின் ஒரு தொலைதூர முகாமில் கிடந்தபோது, குடிப்பழக்கம் பற்றிய பேச்சுகளுக்கு நடுவே இராணுவப் பதவியைத் துறந்தார். அடுத்த ஏழாண்டுகள் அவருக்குத் தோல்வி மேல் தோல்விதான். மாமனார் தந்த நிலத்தில் பயிர் செய்து நட்டப்பட்டார். செயின்ட் லூயிஸ் நகரத் தெருக்களில் விறகு விற்றார். 1857 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு தன் தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். அந்த வறுமையில்தான் 1859 மார்ச்சில், மாமனார் வழியாகத் தன் உடைமையாக வந்திருந்த வில்லியம் ஜோன்ஸ் என்பவரை நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்து விடுதலை செய்தார். விற்றிருந்தால் கடன் தொல்லையிலிருந்து மீளும் அளவுக்குப் பணம் கிடைத்திருக்கும். மனைவியின் குடும்பம் அடிமை உழைப்பில் வாழ்ந்த குடும்பம், அந்த உழைப்பின் பலனை கிராண்ட்டும் அனுபவித்தவர்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கையில் காசில்லாத நாளில் செய்த இந்தக் காரியம், அவர் எந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார் என்பதைக் காட்டுகிறது.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வட மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் இல்லினாய் மாநிலத்தின் கலீனா நகரில் தந்தையின் தோல் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர், மூன்றே ஆண்டுகளில் வடக்கின் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதியானார். டொனெல்சன் கோட்டை, விக்ஸ்பர்க், சட்டனூகா என்று வெற்றிகள் தொடர்ந்தன. இவற்றில் விக்ஸ்பர்க் முற்றுகை மட்டுமே ஏறத்தாழ 29,000 எதிரிப் படையினரைச் சரணடைய வைத்து, மிசிசிப்பி ஆற்றை வடக்கின் கைக்குக் கொண்டுவந்தது. 'கசாப்புக்காரர்' என்ற வசை 1864-இல் வர்ஜீனியாவில் நடந்த கொடிய சண்டைகளால் வந்தது. கோல்ட் ஹார்பரில் நடத்திய கடைசித் தாக்குதலுக்காகத் தாம் வருந்தியதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆயினும் படையின் அளவோடு ஒப்பிட்டால் தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீ இழந்த வீரர்களின் விகிதம் கிராண்ட் இழந்ததைவிட அதிகம் என்பதை அந்த வசையைச் சொல்பவர்கள் சொல்வதில்லை. போர்க்காலத்தில் அவர் செய்த மன்னிக்க முடியாத செயல் வேறொன்று. 1862 டிசம்பரில், பருத்திக் கள்ள வணிகத்தைத் தடுப்பதாகக் கூறி, தன் ஆளுகைப் பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேற்ற ஆணையிட்டார். அடுத்த மாதமே லிங்கன் அதை ரத்து செய்தார். கிராண்ட் அதற்காகப் பின்னர் வருந்தினார். ஆனால் ஆணையில் இருந்தது அவருடைய பெயர்தான்.

1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டக்ஸ் ஊரில் வில்மர் மெக்லீன் என்பவரின் வீட்டில் நடந்த லீயின் சரணடைவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். லீ புத்தம் புதிய சீருடையில், இடையில் அழகிய வாளோடு வந்து அமர்ந்திருந்தார். கிராண்ட் சேறு தெறித்த காலணியோடு, சாதாரணச் சிப்பாயின் மேலங்கியில் தளபதிக்குரிய தோள்பட்டைகளை மட்டும் தைத்து அணிந்து வந்தார். நிபந்தனைகளை அவரே பென்சிலால் எழுதினார்: ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பலாம், உறுதிமொழியையும் சட்டத்தையும் மீறாதவரை அரசு அவர்களைத் தொந்தரவு செய்யாது. தம் படையில் குதிரைகள் சிப்பாய்களின் சொந்தக் குதிரைகள் என்று லீ சொன்னதும், அவற்றை உழவுக்கு ஓட்டிச் செல்ல விட்டுவிடும்படி தன் அதிகாரிகளுக்குச் சொல்வதாக கிராண்ட் ஒப்புக்கொண்டார். பசியோடிருந்த தெற்குப் படைக்கு 25,000 பேருக்கான உணவை அனுப்பச் செய்தார். நிபந்தனைகளை மையில் படியெடுத்தவர் செனெகா பழங்குடியைச் சேர்ந்த ஈலை பார்க்கர் என்ற அதிகாரி. வெளியே தன் வீரர்கள் வெற்றிக்குண்டு முழக்கத் தொடங்கியபோது கிராண்ட் அதை நிறுத்தச் சொன்னார். சில வாரங்களில் லீ மீது தேசத்துரோக வழக்குத் தொடுக்க அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் அரசு முனைந்தபோது, தான் கொடுத்த வாக்கை மீறினால் பதவி விலகுவதாகச் சொல்லி கிராண்ட் அதைத் தடுத்தார். வென்றவன் தோற்றவனுக்குக் காட்டக்கூடிய பெருந்தன்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பெருந்தன்மையைப் பெற்றவர்களில் பலர், விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு அதில் ஒரு துளியும் காட்டவில்லை. 'அமைதி நிலவட்டும்' என்ற முழக்கத்தோடு 1868-இல் கிராண்ட் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 46. தெற்கில் இலட்சக்கணக்கான கறுப்பின ஆண்கள் முதன்முறையாக வாக்களித்த அதிபர் தேர்தல் அது. இன அடிப்படையில் வாக்குரிமையை மறுக்கக் கூடாதென்ற 15-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1870-இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவெல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டில் அமர்ந்தார். இதைப் பொறுக்காத கூ க்ளக்ஸ் கிளான் என்ற முகமூடிக் கூட்டம் இரவுகளில் வீடு வீடாகச் சென்று சவுக்கால் அடித்தது, கொன்றது, பள்ளிகளைக் கொளுத்தியது. 1871 மார்ச்சில் தென் கரோலினாவின் யார்க் மாவட்டத்தில், கறுப்பினக் காவற்படையின் தலைவரான ஜிம் வில்லியம்ஸை நள்ளிரவில் வீட்டிலிருந்து இழுத்துச் சென்று மரத்தில் தூக்கிலிட்டு, பிணத்தின் மீது ஏளனமாக எழுதிய அட்டையையும் மாட்டிவிட்டுப் போனார்கள். உள்ளூர் நீதிமன்றங்கள் எவரையும் தண்டிக்கவில்லை. அங்கே சாட்சி சொல்ல வருபவர் உயிரோடு வீடு திரும்புவார் என்ற உறுதியே இல்லை.

கிராண்ட் நாடாளுமன்றத்திடம் நேரில் சென்று சட்டம் கேட்டார். 1871 ஏப்ரலில் கிளான் எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது. அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்துப் படையை இறக்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் நீதித்துறை என்ற தனி அமைச்சகம் உருவாகியிருந்தது. அதன் தலைவராக கிராண்ட் தேர்ந்த ஆமோஸ் ஆக்கர்மன், ஜார்ஜியாவிலிருந்து தெற்குப் படையில் பணியாற்றியவர். கிளானின் கொடுமையை அறிந்தபின் அதை ஒழிப்பதையே தன் கடமையாகக் கொண்டவர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர், இன்னும் பலர் ஊரைவிட்டு ஓடினர். கொலம்பியா நகரில் நடந்த வழக்குகளில் நடுவர் குழுவில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நீதிமன்றத்தில் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் உரிமையற்றிருந்தவர்கள், இப்போது வெள்ளையர் மீதான வழக்குகளில் தீர்ப்பு சொல்ல அமர்ந்தார்கள். 1872-க்குள் அந்தக் காலத்துக் கிளான் உடைந்துபோயிற்று. அந்த நூற்றாண்டில் வேறெந்த அதிபரும் இப்படி ஒன்றைச் செய்யவில்லை. ஆக்கர்மனை அவர் 1871-இன் இறுதியில் விலகச் சொன்னது மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஊழலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மது வரியை ஏய்த்த கும்பலை அவருடைய நிதியமைச்சரே 1875-இல் வெளிக்கொணர்ந்தார். 'குற்றவாளி எவரும் தப்பக் கூடாது' என்று எழுதிய கிராண்ட், தன் செயலாளர் ஆர்வில் பாப்காக் சிக்கியதும் அவருக்கு ஆதரவாகச் சாட்சி அளித்தார். போர்த்துறை அமைச்சர் பெல்க்னாப் கையூட்டுப் புகாரில் பதவி விலகினார். கிராண்ட் தனக்கென்று ஒரு காசும் எடுத்ததாக யாரும் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் நண்பர் என்று ஏற்றுக்கொண்டவரைச் சந்தேகிக்கத் தெரியாத இயல்பு ஓர் அதிபருக்கு ஆகாது. பழங்குடியினர் விவகாரத்தில் ஈலை பார்க்கரையே ஆணையராக அமர்த்தி நன்றாகத் தொடங்கியவர், கறுப்பு மலைகளில் தங்கம் கிடைத்ததும் ஒப்பந்தத்தைக் காற்றில் பறக்கவிட்டு லக்கோட்டா மக்கள் மீது போருக்கு வழிவிட்டார். என் கணக்கில் மது வரி ஊழலைவிட இது பெரிய குற்றம்.

நண்பரைச் சந்தேகிக்கத் தெரியாத அந்த இயல்பே கடைசியிலும் அவரை வீழ்த்தியது. ஃபெர்டினாண்ட் வார்ட் என்ற பங்குதாரரை நம்பி 1884-இல் எல்லாவற்றையும் இழந்தார். சில மாதங்களில் தொண்டைப் புற்றுநோய் தெரியவந்தது. குடும்பத்துக்கு வருமானம் வேண்டுமென்று வலியோடு தன்வரலாற்றை எழுதி, 1885 ஜூலையில் முடித்துச் சில நாட்களில் இறந்தார். மார்க் ட்வைனின் பதிப்பகம் வெளியிட்ட அந்நூலால் மனைவி ஜூலியாவுக்கு நான்கு இலட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. நூல் ஏறத்தாழ முழுவதும் போர்களைப் பற்றியது. தன் அதிபர் காலத்தைப் பற்றி அவர் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தில் மற்றவர்கள் எழுதினார்கள். தெற்கின் தோல்வியைப் புனிதமாக்க விரும்பியவர்களுக்கு லீ தெய்வமாக வேண்டியிருந்தது, கறுப்பினத்தவர் வாக்களித்த ஆண்டுகள் ஒரு கொடுங்கனவாகச் சித்திரிக்கப்பட வேண்டியிருந்தது. இரண்டுக்கும் கிராண்ட் குடிகாரராகவும் கையாலாகாதவராகவும் இருந்தால் வசதி. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி பாடநூல்கள் இந்தப் படத்தையே காட்டின. சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றாய்வாளர்களிடம் நடத்திய மதிப்பீட்டில் 2000-இல் 33-ஆம் இடத்தில் இருந்த கிராண்ட், 2021-இல் 20-ஆம் இடத்துக்கு வந்திருக்கிறார். இந்த மாற்றம் நியாயமானது என்று நினைக்கிறேன்.

ஆனால் புதிய புகழுரைகள் 1875-ஐ விரைந்து கடந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் மிசிசிப்பி ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸ், தேர்தலுக்கு முன் கறுப்பினத்தவரைத் துப்பாக்கிக் கும்பல்கள் வேட்டையாடுவதாகச் சொல்லிப் படை கேட்டார். தெற்கில் ஆண்டுதோறும் வரும் இந்தக் கலவரங்களால் மக்கள் சலித்துப்போய்விட்டார்கள் என்று கிராண்ட் எழுதினார். அதே கடிதத்தில், தேவைப்பட்டால் உறுதியோடு தலையிடவும் ஆயத்தமாக இருந்தார். நீதித்துறைத் தலைவர் பியர்பான்ட் சலிப்பு பற்றிய வரிகளை மட்டும் எடுத்து ஏம்ஸுக்கு அனுப்பினார். கிராண்ட் அதைத் திருத்தவில்லை. படை போகவில்லை. அடிமையாகப் பிறந்து மிசிசிப்பியின் நாடாளுமன்ற உறுப்பினராக உயர்ந்த ஜான் லிஞ்ச், தேர்தலுக்குப் பின் இதைப் பற்றிக் கேட்டபோது, தலையிட்டால் அக்டோபரில் ஓஹியோவில் தங்கள் குடியரசுக் கட்சி தோற்றுவிடும் என்று அங்கிருந்து வந்தவர்கள் வற்புறுத்தியதாகவும், தாம் இணங்கியிருக்கக் கூடாது என்றும் கிராண்ட் சொன்னதாக எழுதியிருக்கிறார். ஓஹியோவில் கட்சி வென்றது. மிசிசிப்பியின் யாசூ மாவட்டத்தில், முன்பு இரண்டாயிரத்துக்கும் மேல் வாக்குகள் பெற்றிருந்த அதே கட்சிக்கு 7 வாக்குகள் விழுந்தன.

1873-இன் பொருளாதார வீழ்ச்சி, 1874-இல் கீழவை எதிர்க்கட்சியின் கைக்குப் போனது, வடக்கு மக்களின் அலுப்பு, சிறுத்துப்போன இராணுவம் என்று அவருக்காகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் உண்மையானவை. ஆனால் 1871-இலும் படை சிறியதாகத்தான் இருந்தது, எதிர்ப்பும் கடுமையாகத்தான் இருந்தது. அரசு உறுதியாக நின்றால் அந்தக் கும்பல்கள் சிதறிவிடும் என்பதை அப்போது நாட்டுக்குக் காட்டியவரே கிராண்ட்தான். கறுப்பினத்தவரை மிரட்டி வாக்களிக்கவிடாமல் செய்து மிசிசிப்பியில் வெற்றி பெற்ற முறையை அடுத்த ஆண்டே தென் கரோலினா பின்பற்றியது. தெற்கின் கறுப்பின மக்கள் தங்கள் வாக்குரிமைக்கு முறையான பாதுகாப்பை மறுபடி பெற 1965-ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் அவர் படையை அனுப்பியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அனுப்பும் அதிகாரமும் அனுபவமும் அன்று அவரிடம் இருந்தன, ஒரு மாநிலத் தேர்தலுக்காக அவர் அனுப்பவில்லை என்று மட்டுமே சொல்கிறேன்.